மனானாவின் ஏழாம் தேதிக் கிறிஸ்துமஸ்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸை இரண்டு தடவை கொண்டாடுகிற ஒரே ஆள் மனானாதான். டிசம்பர் இருபத்து நான்கு இரவு ஊரோடு சேர்ந்து ஒன்று, ஜனவரி ஏழில் தனக்கென்று ஒன்று. அவளுடைய ஜார்ஜியாவில் தேவாலயம் இன்னும் பழைய நாள்காட்டியைத்தான் பார்க்கிறதாம். "உங்க ஆளு அவசரப்பட்டுப் பொறந்துட்டாரு. எங்க ஆளு நிதானமா வருவாரு" என்பாள். நடுவில் புத்தாண்டு, பதினான்காம் தேதி பழைய புத்தாண்டு என்று இன்னும் இரண்டு உண்டு. பக்கத்து வீட்டுக்காரி நான். அவள் வால்நட் அரைக்கிற வாசனை சுவரைத் தாண்டி வந்தாலே எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த காரியத்துக்கு அது தேவைப்படும். பெயர் தமயந்தி. கல்யாணமாகி ஜெர்மனியில் இந்த எம்ஸ் ஆற்றங்கரை ஊருக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. வந்த புதிதில், குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போட வேண்டும் என்று சொன்னதற்கே உட்கார்ந்து அழுதவள். இன்றைக்கு எதிர்வீட்டுக்காரன் பிளாஸ்டிக்குக்கான மஞ்சள் தொட்டியில் கண்ணாடிப் பாட்டிலைப் போட்டால் மணியடித்துச் சண்டைக்குப் போகிறேன். "நீ ஜெர்மன்காரிக்கும் ஒரு படி மேல போயிட்டடி" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, சோபாவில் உட்கார்ந்துகொண்டு எதையும் சொல்வார்.

மனானா வந்து எட்டு வருடம். ஊரில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள். கணவர் போய்ச் சேர்ந்தபின் பதினேழு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு டிசம்பர் இருபத்து நான்கும் அவளுக்கு டூட்டி உண்டு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இவளாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். "உங்களுக்கெல்லாம் வீட்டுல மரம் இருக்கு, பிள்ளைங்க இருக்கு, போங்க. எனக்கு ஏழாம் தேதி லீவு குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டு, தொண்ணூறு வயதுக்காரர்களை வட்டமாக உட்கார வைத்துப் பாடுவாள். பேசுவதையே நிறுத்திவிட்ட ஒரு தாத்தா அவளோடு சேர்ந்து மூன்று அடி பாடியதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

குளிர்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் முடங்குவதில்லை. வாய்க்கால் உறைந்ததும் பனிச்சறுக்குக் காலணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மனானா முதல் வருடம், பழகுகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, ஒரு சமையலறை நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே சறுக்கினாள். பத்தடி போவதற்குள் நாற்காலி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். விழுந்தவள் எழுந்திருக்காமல் ஐஸ் மேலேயே மல்லாந்து கிடந்து சிரித்தாள். தூக்கிவிடப் போன ஓக்கோவும் அவள்மேல் விழுந்தார். ஓக்கோ எங்கள் தெருவின் மூத்த ஆள், ஆற்றங்கரையைக் காக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அவருக்கு மனானா என்றால் உயிர்.

இதெல்லாம் சும்மா. ஜனவரியில் வருகிற கீரை நடைதான் எங்களுக்குப் பெரிய திருவிழா. தெருவே திரண்டு ஒரு கைவண்டியில் சாராயப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் குவளையைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வயல்வெளியில் நடப்போம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு மடக்கு. கடைசியில் ஏதாவது ஒரு விடுதியில் பரட்டைக்கீரையும் சாசேஜும் வயிறு முட்டத் தின்போம். தின்று முடித்ததும் அந்த வருடத்து ராஜாவையோ ராணியையோ தேர்ந்தெடுத்து, பன்றியின் தாடையெலும்பைக் கழுத்தில் மாலையாகப் போடுவோம். மாலை விழுந்த கழுத்துக்காரர்தான் அடுத்த வருட நடையை முன்னின்று நடத்த வேண்டும், தப்பிக்க முடியாது.

முந்தின வருடம் மாலை மனானா கழுத்தில் விழுந்தது. காரணம் அவள் பேச்சு. நாங்கள் திருப்பம் வந்தால் ஊற்றுவோம், குடிப்போம், நடப்போம். அவள் ஊரில் அப்படிக் குடித்தால் கேவலமாம். குவளையைத் தூக்கினால் யாரையாவது வாழ்த்திப் பேச வேண்டும். முதல் திருப்பத்தில் இறந்தவர்களை வாழ்த்தினாள், இரண்டாவதில் அம்மாக்களை. மூன்றாவதில் ஓக்கோவின் முழங்காலை வாழ்த்தி ஐந்து நிமிடம் பேசினாள். "குடிக்க விடு தாயே, கை விறைச்சிப் போச்சு!" என்று கத்தியவர்களே அடுத்த திருப்பத்தில், "இப்ப என்னைப் பத்திச் சொல்லு" என்று வரிசையில் நின்றார்கள். ஐந்து மணிக்குப் போய்ச் சேர வேண்டிய விடுதிக்கு ஏழு மணிக்குப் போனோம். கீரை அடி பிடித்திருந்தது. அப்படியும் அவளைத்தான் ராணியாக்கினார்கள்.

ஆக, இந்த வருட நடைக்கு மனானா பொறுப்பு. ஜனவரி ஆறு, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு அவள் வீட்டு வாசலில் கூட வேண்டும் என்று எல்லார் தபால்பெட்டியிலும் சீட்டுப் போட்டிருந்தாள். முடிவு ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதியில். அதற்கும் காரணம் இருந்தது. அன்று மாலை ஐந்து நாற்பது ரயிலில் அவள் மகள் டெக்லா வருகிறாள், எட்டு வருடத்தில் முதல் தடவையாக.

டெக்லா வராததற்கு விசாவும் காசும் காரணமில்லை, கோபம்தான் காரணம். "மத்தவங்க அம்மாவைக் குளிப்பாட்டத்தானே என்னை விட்டுட்டுப் போன?" என்று ஒருமுறை போனில் கேட்டாளாம். மனானா இதை என்னிடம் சொன்னபோது தேநீரில் கல்கண்டைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவேயில்லை. அதன்பிறகு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு என்றால் மூன்று நிமிடம். சாப்பிட்டியா, மழை பெய்யுதா, சரி வைக்கிறேன். இந்த டிசம்பரில் என்ன தோன்றியதோ, வருகிறேன் என்று எழுதியிருந்தாள். அதற்கு முன்னால், ஜார்ஜியாவுக்கும் இங்கேயும் சாமான் ஏற்றிப் போகிற வேன்காரனிடம் ஒரு பொருள் கொடுத்தனுப்பியும் இருந்தாள். "என் பொண்ணு எனக்கு மரம் அனுப்பியிருக்கா!" என்று மனானா குதித்தாள். என்ன மரம், காட்டு என்றால், "சனிக்கிழமை பாப்பீங்க" என்று சிரித்தாள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அதே சனிக்கிழமை காலைதான் எங்கள் ஊரில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை அள்ளுகிற நாள். ஒன்பது மணிக்குள் மரம் தெரு ஓரத்தில் இருக்க வேண்டும், தன்னார்வத் தீயணைப்புப் படை டிராக்டரில் வந்து எடுத்துப்போகும். எட்டரைக்கு நான் எங்கள் மரத்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மனானா காலை டூட்டிக்குப் போயிருந்தாள். அவள் வாசல் படியோரம், சுவரில் ஒரு குச்சி சாய்ந்திருந்தது. ஓர் ஆள் இடுப்பு உயரம். உச்சியிலிருந்து பாதி வரை வெள்ளை வெளேரென்று செதில் செதிலாகச் சுருண்டு தொங்கியது, பிய்ந்துபோன துடைப்பம் மாதிரி. பார்சல் பெட்டியோடு வந்த அடைப்புக் கட்டை என்று நினைத்தேன். மத்தியானம் ஊரே இந்த வாசலில் வந்து நிற்கப்போகிறது, பாவம், வேலை முடிந்து ஓடிவருகிறவளுக்கு இதை ஒழிக்க நேரம் ஏது? மரம்தானே, மரத்தோடு போகட்டும். எடுத்துக்கொண்டுபோய் எங்கள் மரத்தின் மேல் வைத்தேன். ஒன்பதே காலுக்கு டிராக்டர் வந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியில் உள்ளே போய்த் தோசை சுட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு பதினான்கு பேர் கூடிவிட்டோம். ஓக்கோ கைவண்டியைச் சிவப்பு ரிப்பனால் அலங்கரித்திருந்தார். மனானா வீட்டுக்குள்ளும் வெளியிலும் மூன்று முறை போய்வந்தாள். நான்காம் முறை வந்து படியிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"டெக்லாவோட மரம் காணோம்" என்றாள்.

"எந்த மரம்? எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் ஓக்கோவின் மனைவி ஹில்கே.

"எங்க ஊர்ல ஹேசல்ங்கற மரத்துக் குச்சியை எடுத்து, கத்தியால சீவிச் சீவி, தாடி மாதிரி சுருள் சுருளாத் தொங்க விடுவாங்க. அதுதான் எங்க கிறிஸ்துமஸ் மரம். ஹீட்டர் சூட்டுல சுருள் விரிஞ்சிடும்னு வெளியில வச்சேன். அவ கையாலயே சீவினது. வண்டியில முன்னால நட்டு எடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். ரயில விட்டு எறங்கினதும் அவ கண்ணுல அதுதான் முதல்ல படணும்."

அடிப் பாவி மகளே தமயந்தி, என்ன செய்துவிட்டாய்! சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். காற்று அடித்துப் போயிருக்கும் என்றார் ஒருவர், நாய் இழுத்துப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். குப்பை விஷயத்தில் இந்தத் தெருவில் நான் யாரைத்தான் திட்டாமல் விட்டிருக்கிறேன்? அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? சொல்லாத ஒவ்வொரு நிமிடமும் சொல்வது இன்னும் கஷ்டமானது. வேலியோரம், சாக்கடையோரம் எல்லாம் தேடிவிட்டு, ஒன்றேகாலுக்கு மனானாவே, "சரி, நடப்போம். என்னால உங்க நடை கெட வேணாம்" என்றாள். வண்டி கிளம்பியது. நானும் திருடி மாதிரி பின்னால் போனேன்.

முதல் திருப்பத்தில் வாழ்த்து இல்லாமலே குடித்தோம். இரண்டாவது, வாய்க்கால் பாலம். அங்கே குவளையைத் தூக்கினாள்.

"இன்னிக்கு நான் ஒருத்தரை மட்டும் வாழ்த்தறேன். நான் வந்த முதல் குளிர்காலம். தினமும் விடியறதுக்குள்ள யாரோ என் வாசல் பனியைத் தள்ளி வச்சிருப்பாங்க. யாருன்னே தெரியாது. மூணு வாரம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன், தமயந்தின்னு. ஊரு பேரு தெரியாதவளுக்கு அவ செஞ்சா. என் வாசலை எனக்கு முன்னாலயே அவதான் பாத்துக்கிட்டா. தமயந்திக்கு!"

பதின்மூன்று குவளைகள் என் பக்கம் உயர்ந்தன. ஐயோ, அந்தப் பனியை நான் அன்பினாலா தள்ளினேன்? ஏழு மணிக்குள் நடைபாதையைச் சுத்தம் செய்யாவிட்டால் அபராதம் என்று பயந்து, புதிதாக வந்தவளுக்குச் சட்டம் தெரியாதே என்று தள்ளினேன். எனக்கு அழுகை பீறிட்டு வந்துவிட்டது.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க! நான்தான் எடுத்தேன். காலையில டிராக்டர்ல போட்டுட்டேன். துடைப்பம்னு நெனச்சேன்டி மனானா!"

மனானா குவளையை மெதுவாகக் கவிழ்த்தாள். சாராயம் பாலத்தில் கொட்டியது.

"ரெண்டு மணி நேரமா வாயை மூடிக்கிட்டுக் கூட வந்தியா?"

"பயந்துட்டேன்."

"கண்ணில்ல உனக்கு? எட்டு வருஷத்துல என் பொண்ணு எனக்குன்னு செஞ்ச ஒரே பொருள்! அதைப் போய்க் குப்பையில போட்டியே! உன் சுத்தத்துல இடி விழ! இனிமே என் வாசப்படியைத் தொட்ட, கையை உடைப்பேன்!"

உடைக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஓக்கோ நடுவில் புகுந்தார். "திட்டறதை நடந்துக்கிட்டே திட்டலாம். அந்த மரமெல்லாம் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால வயல்ல குவிச்சிருப்பாங்க. திங்கக்கிழமைதான் தூளாக்குவாங்க. மூணு கிலோமீட்டர். திருப்புங்கடா வண்டியை!"

அப்படியொரு கீரை நடையை எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஒரு திருப்பத்திலும் நிற்கவில்லை. மனானா முன்னால், வண்டி நடுவில், நான் கடைசியில். வழிநெடுக அவள் திட்டிக்கொண்டே போனாள், ஜெர்மனில் வார்த்தை தீர்ந்ததும் ஜார்ஜியனில். புரியாத திட்டு இன்னும் உறைத்தது.

வயலைப் பார்த்ததும் பகீரென்றது. வீடு உயரத்துக்கு மரம். நானூறோ ஐந்நூறோ இருக்கும். ஊரின் ஒரு மாதச் சந்தோஷம் முழுக்க அங்கே ஊசியிலை உதிர்ந்து கிடந்தது. ஓக்கோ எங்களை வரிசையாக நிறுத்தினார். "மேல இருக்கறதை எடுத்து அந்தப் பக்கம் போடு. ஒருத்தரும் ஏறி மிதிக்கக் கூடாது!" கையிலிருந்து கைக்கு மரம் போனது. கையுறையையும் தாண்டி ஊசியிலை குத்தியது, பிசின் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் குளிர் போய் வேர்த்துவிட்டது. "யார் வீட்டு மரம்டா இது, இன்னும் சாக்லேட் தொங்குது!" என்று ஹில்கே கத்தினாள். அதை அங்கேயே பிரித்துப் பதினான்கு துண்டாக்கித் தின்றார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். ஊரே முடித்துவிட்ட கிறிஸ்துமஸ் பாட்டை இந்தக் கூட்டம் குப்பைமேட்டில் நின்று பாடியது. என்னையும் மனானாவையும் தவிர எல்லாரும் அமோகமாக இருந்தார்கள். மனானா ஒரு மரத்தையும் விடாமல் உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலரைக்கு வெளிச்சம் மங்கியது. நான் மண்டிபோட்டு அடியில் கையை விட்டுத் துழாவினேன். எங்கள் மரத்தை அதன் வளைந்த அடித்தண்டைப் பார்த்து அடையாளம் கண்டேன். அதன் கீழே அது கிடந்தது.

"இருக்கு! இருக்கு!" என்று நான் போட்ட கூச்சலில் காக்கை பறந்தது.

எடுத்துப் பார்த்தால், அடக் கடவுளே! ஒரு பக்கச் சுருள் முழுக்கப் பிய்ந்து கட்டை தெரிந்தது. மறுபக்கம் சேறு. மனானா வந்து வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொட்டையாயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் திட்டவும் இல்லை. அவள் திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்புறமா அழலாம், ரயில் வந்துடும்!" என்றார் ஓக்கோ. குச்சியை வண்டியின் முன்னால் நட்டு, ரிப்பனால் கட்டி, பதினான்கு பேரும் ஓடினோம். எழுபத்திரண்டு வயது ஓக்கோவும் ஓடினார். குவளைகள் கழுத்தில் கிணுகிணுவென்று ஆடின.

நாங்கள் நடைமேடையில் ஏறவும் ரயில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நீளமான கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி ஒற்றைப் பையோடு இறங்கினாள். அம்மாவின் மூக்கு அப்படியே இருந்தது. அவள் முன்னால் தலையெல்லாம் ஊசியிலையும் முகமெல்லாம் பிசினுமாகப் பதினான்கு பேர் மூச்சிரைக்க நின்றோம், நடுவில் ஒரு மொட்டைக் குச்சி. மனானா மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் முன்னால் பாய்ந்தேன்.

"உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா! பத்திரமாத்தான் வச்சிருந்தா. நான்தான் பக்கத்து வீட்டுக் கிறுக்கி, குப்பைன்னு போட்டுட்டேன். நானூறு மரத்தைப் புரட்டி எடுத்தோம்."

டெக்லாவுக்குப் பள்ளிக்கூட ஜெர்மன் தெரியும். என்னைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் அவர்கள் மொழியில் என்னவோ கேட்டாள். மனானா எங்களுக்காகத் திருப்பிச் சொன்னாள்: "இவங்க எல்லாரும் உனக்கு யாருன்னு கேக்கறா." அவள் பதில் சொல்வதற்குள் ஓக்கோ, "நாங்க இவ குடிமக்கள். இவ எங்க ராணி. பசிக்குது, உள்ள போலாமா?" என்றார். டெக்லா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அச்சு அசல் ஐஸ் மேல் மல்லாந்து கிடந்தவளின் சிரிப்பு.

விடுதியில் கீரை கொதிக்கக் கொதிக்க வந்தது. மனானா எழுந்து, நடை முழுக்க மாட்டியிருந்த பன்றித் தாடையெலும்பைத் தன் கழுத்திலிருந்து கழற்றி, நேராக வந்து என் கழுத்தில் மாட்டினாள். "அடுத்த வருஷம் நீ நடத்து. இது பரிசு இல்ல, தண்டனை." எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவள் என் காதருகே குனிந்து, "கையை உடைக்கறது அப்புறம்" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டெக்லா சாப்பிடவில்லை. குச்சியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஜெர்மனில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நான் இதைக் கோபத்தோட சீவினேன். அதான் சுருளெல்லாம் முரடு முரடா இருந்துச்சு. அனுப்பிட்டு வெக்கப்பட்டேன். போனதே நல்லது." பிறகு விடுதிக்காரரிடம் கூர்மையான கத்தி ஒன்று கேட்டாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சேறு படிந்த மேல்பட்டையை முதலில் சீவி எறிந்தாள். உள்ளே கட்டை வெள்ளையாக, ஈரமாக இருந்தது. குச்சியின் ஒரு முனையை முழங்காலில் ஊன்றி, மறுமுனையை அம்மாவிடம் நீட்டினாள். மனானா இரண்டு கையாலும் பிடித்தாள். கத்தி மெல்ல இறங்க, முதல் சுருள் நூல் மாதிரி மெல்லிசாகப் பிரிந்து தொங்கியது. அப்புறம் இன்னொன்று. மனானா பிடித்த முனை ஆடிக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் புரியவில்லை. மறுநாள், ஏழாம் தேதி, அவள் வீட்டு விருந்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"ஆட்டாதம்மா. நல்லாப் பிடி."

"பிடிச்சுக்கிட்டுதானேடி இருக்கேன்."